புகைத்தலைக் கைவிடுவோரின் துயர்: ஒரு வரலாற்று நோக்கு

புகையிலையின் வரலாறு பல கோணங்களில் எழுதப்பட்டுள்ளது. வணிகத்தின் வரலாறாகவும், அரசுகளின் வரிவிதிப்பு வரலாறாகவும், அமெரிக்கக் கண்டத்துப் பெருந்தோட்டங்களிலே உழைத்து மடிந்த ஆபிரிக்க அடிமைகளின் வரலாறாகவும், அண்மைக் காலத்தில் நோயின் வரலாறாகவும் அது ஆராயப்பட்டுள்ளது. ஆயின், புகையிலையைக் கைவிட முயன்ற மனிதன் அடைந்த துயருக்கும் ஒரு வரலாறு உண்டு என்பது பெரிதும் சிந்திக்கப்படவில்லை. அத்துயர் எவ்வாறு நோக்கப்பட்டது, யாரால் எவ்வாறு விளக்கப்பட்டது, அதனைத் தணிக்கும் வழிகள் எவ்வாறு கண்டறியப்பட்டன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருளை நாம் தேர்ந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. சென்ற ஆண்டு விடுதியில் எம்முடன் ஒரே அறையில் வசித்த நண்பர் ஒருவர் நாளொன்றுக்குப் பதினைந்து சிகரட் வரை புகைத்து வந்தவர். தந்தையார் இருதய நோயினால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார் என்ற செய்தி கிடைத்த அன்றே அவர் புகைத்தலைக் கைவிட்டார். இரண்டாம் நாள் இரவு அவர் உறங்கவில்லை. மூன்றாம் நாள் அற்ப காரணத்துக்காக எம்முடன் சண்டையிட்டார். நூலைத் திறந்துவைத்து ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நாம் சிரித்தோம். ஒரு சிகரட்டை வெல்ல முடியாதவர் எதனை வெல்லப் போகிறார் என்று எம்முள் ஒருவர் கேட்டார், கேட்டவர் இக்கட்டுரையாளரே. ஆறாம் நாள் நண்பர் மீண்டும் புகைத்தார். அவர் புகைத்ததைவிட, புகைத்ததை எம்மிடமிருந்து மறைப்பதற்கு அவர் பட்ட பாடே பின்னர் எம்மை உறுத்தியது.

மனவுறுதி அற்றவன் என்னும் இத்தீர்ப்பை நாம் எங்கிருந்து பெற்றோம்? அது எம் சொந்தத் தீர்ப்பன்று. நான்கு நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கைமாறி வந்த ஒரு தீர்ப்பு என்பதை வரலாற்றை நோக்குவோர் காண்பர்.

முதற் சாட்சிகள்

1492இல் கொலம்பசுடன் சென்றோர், கரிபியன் தீவுகளின் மக்கள் உலர்ந்த இலைகளைச் சுருட்டிப் பற்றவைத்து அதன் புகையை உள்ளிழுப்பதைக் கண்டனர். அத்தீவுகளிற் குடியேறிய ஸ்பானியர் விரைவில் அப்பழக்கத்தைத் தாமும் மேற்கொண்டனர். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பார்த்தொலொமே டி லாஸ் காசாஸ் என்னும் பாதிரியார், எஸ்பானியோலாத் தீவிலே தாம் அறிந்த ஸ்பானியர் சிலரைப் பற்றித் தமது வரலாற்று நூலில் எழுதியுள்ளார். இது தீய பழக்கம் என்று கடிந்துரைக்கப்பட்டபோது, இதனை விடுவது தமது சக்திக்கு அப்பாற்பட்டது என அவர்கள் விடையிறுத்தனராம். புகையிலையைக் கைவிட இயலாமை பற்றி ஐரோப்பியர் எழுதிவைத்த மிகப் பழைய சான்றுகளுள் இது ஒன்றாகும். விடமாட்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை. விட இயலவில்லை என்றே சொன்னார்கள். இவ்விரு கூற்றுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை உலகம் ஏற்றுக்கொள்ள நானூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

1604இல் இங்கிலாந்து மன்னன் முதலாம் ஜேம்ஸ் புகையிலைக்கு எதிராக ஒரு கண்டன நூலை வெளியிட்டான். புகைத்தலின் நாற்றத்தையும் செலவையும் சாடிய அம்மன்னன், நெடுங்காலம் புகைத்தோர் அதனை விட்டு இருக்கமாட்டாதவராகின்றனர் என்பதையும், முதிர்ந்த குடிகாரன் மதுவின்றி இருந்தால் தளர்ச்சியடைவதைப் போன்றது அந்நிலை என்பதையும் அதிலே குறிப்பிட்டான். பிரான்சிஸ் பேக்கன் 1623இல் வெளியிட்ட நூலொன்றில், புகையிலை ஒருவித மறைவான இன்பத்தினால் மனிதரை வெல்கின்றது என்றும், அதற்குப் பழகியோரைப் பின்னர் தடுத்து நிறுத்துதல் அரிது என்றும் எழுதினார். ஒருவர் அரசர், மற்றவர் அறிஞர். இருவரும் கண்டது ஒன்றே. ஆயினும் மன்னன் அதனைக் குடிமக்களின் ஒழுக்கக் கேடு என்றே கொண்டான். புகையிலைக்கு மிகக் கடுமையான தீர்வையும் விதித்தான்.

கீழைத்தேயங்களிலும் நிலைமை இதுவே. 1617இல் மொகலாயப் பேரரசன் ஜஹாங்கீர் புகைத்தலைத் தடைசெய்தான். பாரசீகத்தில் ஷா அப்பாஸ் மன்னனும் அவ்வாறே தடை விதித்திருந்தான். இத்தருணத்தில் ஜஹாங்கீரின் தூதுவனாகப் பாரசீக அரசவைக்குச் சென்ற கான் ஆலம் என்பவன் புகையின்றி ஒரு கணமும் இருக்கமாட்டாதவன். அவனது நிலை மன்னனுக்கு எடுத்துரைக்கப்பட்டபோது, ஷா அப்பாஸ் ஓர் ஈரடிப் பாடலை எழுதி அவனுக்கு மட்டும் விலக்களித்தான். இச்செய்தியை ஜஹாங்கீரே தன் நினைவுக்குறிப்பில் எழுதிவைத்துள்ளான். இரு பேரரசர்களின் ஆணைகள் ஒரு மனிதனின் உடற்றேவைக்கு முன் தளர்ந்துபோன இந்நிகழ்ச்சி நகைச்சுவையாகவே கூறப்பட்டு வருகின்றது. ஆயின் கான் ஆலத்துக்குக் கிடைத்த இரக்கம் எளியவர்களுக்குக் கிடைத்ததில்லை. 1633இல் துருக்கியச் சுல்தான் நான்காம் முராத் புகைத்தலுக்கு மரணதண்டனை விதித்தான், தண்டனைகள் நிறைவேற்றப்பட்டன, மக்கள் மறைவாகப் புகைத்தனர். உயிரச்சம் கூட ஒரு பழக்கத்தை அடக்கவில்லையெனில், அப்பழக்கம் வெறும் விருப்பத்தின்பாற்பட்டதன்று என்ற ஐயம் அன்றே எழுந்திருத்தல் வேண்டும். அது எழவில்லை.

நஞ்சு கண்டறியப்பட்டது, துயர் விளக்கப்படவில்லை

1828இல் ஜேர்மனியின் ஹைடெல்பேர்க் நகரிலே பொசெல்ட், றைமன் என்னும் இருவர் புகையிலையிலிருந்து நிக்கொட்டீனைத் தனியாகப் பிரித்தெடுத்தனர். 1560 அளவில் போர்த்துக்கலில் பிரெஞ்சுத் தூதுவராக இருந்து புகையிலையைத் தம் நாட்டு அரசவைக்கு அனுப்பிய ஜோன் நிக்கோ என்பவரின் பெயரே அப்பொருளுக்கு அமைந்தது. 1889இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாங்லி, டிக்கின்சன் ஆகியோர் நிக்கொட்டீன் நரம்புத்திரட்டுகளிலே தொழிற்படுவதைக் காட்டினர். இதனைத் தொடர்ந்து ஆராய்ந்த லாங்லி, உயிர்க்கலங்களில் மருந்துப் பொருள்களை ஏற்கும் ஒரு பொருள் இருத்தல் வேண்டும் என 1905இல் கருத்துரைத்தார். இன்றைய மருந்தியலின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்றான ‘வாங்கி’ என்னும் கருத்து, இவ்வாறு புகையிலை நஞ்சைக் கொண்டு செய்த ஆய்விலிருந்தே வளர்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

விஞ்ஞானம் இவ்வளவு அறிந்திருந்தும், புகையைக் கைவிட்டவன் படும் துயரை அந்நஞ்சுடன் இணைத்து நோக்குவார் அரியராகவே இருந்தனர். அமெரிக்காவில் 1899இல் லூசி பேஜ் காஸ்ற்றன் அம்மையார் தொடக்கிய சிகரட் எதிர்ப்பியக்கம், புகைப்போருக்கு வெள்ளிநைத்திரேற்றுக் கரைசலால் வாயை அலம்புமாறு அறிவுறுத்தியது. அவ்வாறு அலம்பிய பின் புகைத்தால் வாய் கசக்கும். கசப்பு வெறுப்பை உண்டாக்கும், வெறுப்பு விடுதலையைத் தரும் என்பது எதிர்பார்ப்பு. நோய் நரம்பிலே இருக்க, மருந்து நாவிலே பூசப்பட்டது.

இக்காலத்தில் துயரைத் தன் உடலிலேயே கண்டு எழுதிய ஒருவர் சிக்மண்ட் புறொய்ட் ஆவார். நாளொன்றுக்கு இருபது சுருட்டுகள் வரை புகைத்து வந்த அவர், இருதயக் கோளாறு காரணமாக 1894இல் தம் நண்பரும் வைத்தியருமான பிளீசின் அறிவுரைப்படி அதனைக் கைவிட்டார். அந்நாள்களிற் பிளீசுக்கு அவர் எழுதிய கடிதங்கள், மனச்சோர்வும் வேலையில் ஈடுபட இயலாமையும் தம்மை வாட்டியதை விவரிக்கின்றன. சில காலத்தின் பின் அவர் மீண்டும் புகைக்கத் தொடங்கினார். 1923இல் அவரது வாயிலே புற்றுநோய் கண்டறியப்பட்டது. தொடர்ந்து முப்பதுக்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகளுக்கு அவர் உள்ளானார். அப்போதும் அவர் சுருட்டை விடவில்லை. 1939இல் காலமானார். மனித மனத்தின் ஆழங்களை ஆராய்வதற்கே வாழ்நாளை அளித்தவர், நோவையும் கத்தியையும் ஆண்டுக்கணக்காகப் பொறுத்தவர். அவரை மனவுறுதி அற்றவர் என்று எவரும் கூறத் துணியார். அவ்வாறாயின் பழைய தீர்ப்பிலேயே குறையுண்டு என்பது தெளிவு.

புறொய்டுக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்ட அதே 1923இல் இத்தாலிய எழுத்தாளர் இத்தாலோ சுவேவோ ‘சேனோவின் மனச்சாட்சி’ என்னும் நாவலை வெளியிட்டார். ‘இறுதிச் சிகரட்’ என்று நாள் குறித்துப் புகைத்து, மறுபடியும் இன்னோர் இறுதிச் சிகரட்டைத் தேடும் மனிதனே அதன் கதாநாயகன். மருத்துவம் பேசாதிருந்த ஒன்றை இலக்கியம் பேசிற்று. ஆயினும் வாசகர் அதனைச் சிரித்தே வாசித்தனர்.

பழக்கமா, அடிமைத்தனமா?

மாற்றத்தின் தொடக்கத்தை 1942இல் காணலாம். அவ்வாண்டில் பிரித்தானிய வைத்தியரான லெனொக்ஸ் ஜோன்ஸ்ற்றன், தமக்கும் வேறு முப்பதுக்கு மேற்பட்டோருக்கும் நிக்கொட்டீனை ஊசிமூலம் செலுத்திக் கண்ட முடிவுகளை ‘லான்செற்’ என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டார். புகைப்போருக்கு அவ்வூசி இதமாக இருந்தது. புகையாதோருக்கு வெறுப்பைத் தந்தது. பல ஊசிகளின் பின் அவர் சிகரட்டைவிட ஊசியையே விரும்பலானார். அது நிறுத்தப்பட்டபோது எதனையோ இழந்தவர்போல உணர்ந்தார். மனிதன் தேடுவது புகையை அன்று, புகையிலுள்ள நிக்கொட்டீனையே என்பது இதனாற் புலனாயிற்று. 1945இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், புகைப்போருக்கு நிக்கொட்டீன் குறைந்த சிகரட்டுகளைக் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களுட் சிலர் எரிச்சலுக்கும் அமைதியின்மைக்கும் உள்ளாயினர். கையிலே சிகரட் இருந்தது. வாயிலே புகை இருந்தது. எனினும் துயரும் இருந்தது.

1950இல் பிரித்தானியாவில் டோல், ஹில் ஆகியோரும், அமெரிக்காவில் வைண்டர், கிரகாம் ஆகியோரும் புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை வெளிப்படுத்தினர். இதன் பின்னர் புகைத்தலைக் கைவிடுவது தனிமனித ஒழுக்கம் என்ற நிலையைக் கடந்து பொதுச் சுகாதாரப் பிரச்சினையாயிற்று. சுவீடனின் தலைநகரான ஸ்ரொக்ஹோமில் எய்றுப் என்னும் வைத்தியர் 1950களில் புகைப்போருக்கான சிகிச்சை நிலையத்தை நடத்தி, நிக்கொட்டீனை ஓரளவு ஒத்த லோபெலீன் என்னும் மருந்தைப் பயன்படுத்தினார். அம்மருந்தின் பயன் பிற்கால ஆய்வுகளில் உறுதிப்படவில்லை. எனினும், புகைப்பவன் வைத்தியரிடம் வரத்தக்கவன் என்னும் எண்ணம் இங்கே உருப்பெற்றது. 1960 அளவில் அமெரிக்காவில் ஏழாம் நாள் அட்வென்ரிஸ்ற் திருச்சபையைச் சேர்ந்த வைத்தியர் ஒருவரும் போதகர் ஒருவரும் இணைந்து ஐந்துநாள் திட்டம் ஒன்றை வகுத்தனர். நீர் அருந்துதல், ஆழ்ந்து மூச்செடுத்தல், உணவை ஒழுங்குபடுத்தல், ஒருவருக்கொருவர் துணைநிற்றல் என்பன அதன் கூறுகளாகும். முதல் ஐந்து நாள்களே கடினமானவை என்பதை அனுபவத்தால் உணர்ந்து அமைத்த திட்டம் அது.

இவ்விடத்தில் வரலாறு ஒரு முரண்பாட்டைக் காட்டுகின்றது. 1957இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு, போதைப்பொருள்களுக்கு அடிமையாதல் வேறு, பழக்கப்படுதல் வேறு எனப் பிரித்துக் கூறியது. 1964இல் அமெரிக்கத் தலைமைச் சத்திரவைத்தியரின் புகழ்பெற்ற அறிக்கை, புகைத்தல் புற்றுநோயை உண்டாக்கும் என்று துணிந்து கூறியது. ஆயின் மேற்கூறிய பாகுபாட்டைப் பின்பற்றி, புகைத்தல் வெறும் பழக்கமே, அடிமைத்தனமன்று என்றும் கூறிவிட்டது. அதே 1964இல் உலக சுகாதார ஸ்தாபனம் அப்பாகுபாட்டையே கைவிட்டு, ‘சார்பு நிலை’ என்னும் பொதுச் சொல்லை ஏற்றுக்கொண்டது. காலாவதியான ஒரு சொல்லாட்சி, அறிக்கையின் வழியாக மேலும் கால் நூற்றாண்டு உயிர்வாழ்ந்தது.

இதனினும் வருந்தத்தக்கது வேறொன்று. அவ்வறிக்கை வெளிவருவதற்கு முந்திய ஆண்டில், அதாவது 1963இல், பிறவுண் அன்ட் வில்லியம்சன் என்னும் அமெரிக்கச் சிகரட் நிறுவனத்தின் சட்ட அதிகாரி எழுதிய உட்குறிப்பொன்று, நிக்கொட்டீன் மனிதரை அடிமைப்படுத்தும் பொருள் என்றும், அதனை விற்பதே தமது தொழில் என்றும் ஒப்புக்கொண்டிருந்தது. முப்பது ஆண்டுகளின் பின்னரே அக்குறிப்பு வெளியுலகுக்குத் தெரியவந்தது. 1994இல் ஏழு அமெரிக்கப் புகையிலை நிறுவனங்களின் தலைவர்கள் அந்நாட்டுக் காங்கிரசின் குழு முன் சத்தியம் செய்து, நிக்கொட்டீன் அடிமைப்படுத்துவதாகத் தாம் நம்பவில்லை என்றே கூறினர். மனவுறுதி அற்றவன் என்னும் தீர்ப்பினால் இலாபம் அடைந்தோர் யார் என்பதை இது காட்டுகின்றது. புகைப்பவன் தானாக விரும்பியே புகைக்கின்றான் என்றால் விற்பவனுக்குப் பொறுப்பில்லை. பழைய அரசரும் பாதிரிமாரும் ஒழுக்கத்தின் பெயராற் கூறியதையே இந்நிறுவனங்கள் வணிகத்தின் பெயராற் கூறின. நாமும் விடுதி அறையில் அதனையே கூறினோம்.

தணிக்கும் வழிகள்

துயரைத் தணிக்கும் முதற் பயனுள்ள மருந்து கடலின் அடியிலிருந்து வந்தது எனலாம். நீர்மூழ்கிக் கப்பல்களிலே புகைத்தல் இயலாது. சுவீடனின் கடற்படையினர் அக்காலங்களில் வாயிலிடும் புகையிலைக்கு மாறிச் சமாளித்ததை லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் கிளாஸ் லுண்ட்கிறென் அவதானித்தார். 1967இல் அவர் தம் நண்பரும் லேயோ என்னும் மருந்து நிறுவனத்தின் ஆய்வாளருமான ஓவே பேர்ணோவுக்கு இதனை எழுதித் தெரிவித்தார். புகையின்றி நிக்கொட்டீனை மட்டும் கொடுத்தால் என்ன என்பதே அவர்தம் வினா. பேர்ணோ தாமும் கடுமையாகப் புகைப்பவர். நிக்கொட்டீனை மெல்லும் பசையிலே சேர்த்துச் சிறிது சிறிதாக வெளிப்படச் செய்யும் முறையை அவர் உருவாக்கினார். 1978இல் சுவிற்சர்லாந்தும் 1984இல் அமெரிக்காவும் அதனை மருந்தாக ஏற்றன.

இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையைச் சேர்ந்த மைக்கல் றசல், மனிதர் நிக்கொட்டீனுக்காகப் புகைக்கின்றனர், ஆயின் தாரினால் மடிகின்றனர் என்னும் கருத்தை 1976இல் முன்வைத்தார். அவரும் உடன் ஆய்வாளரும் 1982இல் வெளியிட்ட பரிசோதனையில், நிக்கொட்டீன் பசையைப் பெற்றோருள் 47 சதவீதத்தினரும், அதனைப் போன்ற போலிப் பசையைப் பெற்றோருள் 21 சதவீதத்தினரும் ஓராண்டின் முடிவிற் புகையாதிருந்தனர். பின்னர் நடைபெற்ற பெருந்தொகையான ஆய்வுகள் இம்மருந்துவகை வெற்றிவாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்கும் என்று காட்டியுள்ளன. போலிப் பசை பெற்றோரிலும் ஐவருள் ஒருவர் வென்றுள்ளார் என்பது மறக்கத்தக்கதன்று, மனவுறுதிக்கும் இடமுண்டு. ஆயின் அதே மனவுறுதி மருந்தின் துணையுடன் மேலும் பலரை வெல்ல வைத்தது.

1980களில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜார்விக், றோஸ் முதலியோர் தோலின் வழியாக நிக்கொட்டீனைச் செலுத்தும் ஒட்டுத்தாளை ஆராய்ந்தனர். ஈரமான புகையிலையை அறுவடை செய்யும் தொழிலாளருக்குத் தோலின் வழியாக நிக்கொட்டீன் ஏறித் தலைச்சுற்றும் வாந்தியும் உண்டாதல் முன்னரே அறியப்பட்ட செய்தி. உழைப்பாளியின் நோயிலிருந்து புகைப்போனுக்கு மருந்து பிறந்தது. 1997இல் மனச்சோர்வுக்கான மருந்தாக இருந்த பியூபுறோப்பியன் இத்தேவைக்கும் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. 2006இல் வரெனிக்கிளீன் அறிமுகமானது. அதன் மூலம், பல்கேரியாவில் 1964 முதல் மருந்தாக வழங்கி வந்த சிற்றிசீன் என்னும் தாவரப் பொருளாகும். மேற்குலகம் அதனை நெடுங்காலம் கவனியாதிருந்தது.

மருந்துகள் வந்தபின் சொற்களும் மாறின. 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூல், புகையிலையைக் கைவிடும்போது தோன்றும் குணங்குறிகளை முதன்முறையாக ஒரு தனி நிலையாக ஏற்றது. 1988இல் தலைமைச் சத்திரவைத்தியர் கூப் வெளியிட்ட அறிக்கை, நிக்கொட்டீன் ஹெரோயினையும் கொக்கெயினையும் போலவே அடிமைப்படுத்தும் பொருள் என்று கூறி, 1964இன் கூற்றைத் திருத்தியது. 1992இல் மாலின் முதலியோர் எலிகளுக்குத் தொடர்ந்து நிக்கொட்டீன் கொடுத்து நிறுத்தியபோது, அவற்றின் உடல் உதறுவதையும் பற்கள் நடுங்குவதையும் கண்டனர். எலிக்கு ஒழுக்கமும் இல்லை, ஒழுக்கக்கேடும் இல்லை. நூற்றாண்டுகளாக நீடித்த வழக்குக்கு இதனைவிட வலுவான சாட்சி வேண்டியதில்லை.

துயரின் இயல்பு

இன்றைய அறிவின்படி இத்துயரின் இயல்பைச் சுருக்கமாக நோக்குவோம். மூளையின் நரம்புக் கலங்களில் அசற்றைல்கொலீன் என்னும் இயற்கைப் பொருளை ஏற்கும் வாங்கிகளிலே நிக்கொட்டீன் சென்று பொருந்துகின்றது. அதனால் இன்பவுணர்வுடன் தொடர்புடைய டோபமின் சுரக்கின்றது. இடைவிடாது நிக்கொட்டீன் வருவதனால் அவ்வாங்கிகளின் தொகை பெருகுகின்றது. குருதியிலுள்ள நிக்கொட்டீன் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற் பாதியாகக் குறைந்துவிடுமாதலின், இரவு முழுவதும் புகையாதிருந்தவன் காலையிற் கண்விழித்தவுடன் சிகரட்டைத் தேடுகின்றான். எழுந்து எவ்வளவு நேரத்தில் முதற் சிகரட்டைப் புகைக்கின்றான் என்பதே அவன் சார்பின் கடுமையைக் காட்டும் சிறந்த அளவுகோல்களுள் ஒன்று என்பதை சுவீடனைச் சேர்ந்த பாகர்ஸ்ற்றோமின் வினாக்கொத்து எடுத்துக்காட்டியது.

கைவிட்ட சில மணி நேரத்தில் எரிச்சல், கோபம், பதற்றம், மனச்சோர்வு, கவனக் குலைவு, உறக்கமின்மை, பெரும்பசி என்பன தோன்றுகின்றன. பெரும்பாலோர்க்கு இவை முதல் வாரத்தில், சிறப்பாக இரண்டாம் மூன்றாம் நாள்களில், உச்சமடைந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிகின்றன. பெருகிய வாங்கிகளும் சில வாரங்களில் பழைய நிலைக்கு மீள்கின்றன. பசியும், இடையிடையே தோன்றும் ஆவலும் நெடுநாள் நீடிக்கலாம். ஆயின் ஒவ்வோர் ஆவலும் அலை போன்றது. சில நிமிடங்களில் எழுந்து விழுவது. அந்நிமிடங்களை நீர் அருந்தியோ, நடந்தோ, மூச்சை ஆழ்ந்திழுத்தோ, ஒருவருடன் பேசியோ கடந்துவிட்டால் அலை தாழ்ந்துவிடும். ஐந்துநாள் திட்டத்தினர் அனுபவத்தாற் கூறிய வழி இவ்வாறு பொருளுடையதாகின்றது.

தேநீர் அருந்தும் எமக்குப் பயன்படும் ஒரு செய்தியும் உண்டு. புகையிலுள்ள பொருள்கள் கபேயினை உடல் விரைவாகச் சிதைக்குமாறு செய்கின்றன. புகைத்தலை நிறுத்தியபின் அதே அளவு தேநீரும் கோப்பியும் குருதியில் முன்னரிலும் கூடுதலான கபேயினை நிலைக்கச் செய்யும். உறக்கமின்மைக்கும் பதற்றத்துக்கும் இதுவும் ஒரு காரணமாகலாம். தேர்வுக் காலத்தில் எம் நண்பர், சிகரட்டுக்கு ஈடாக நாம் அன்போடு ஊற்றிக் கொடுத்த சாயத்தேநீரை இரவு முழுவதும் அருந்தினார் என்பதை இங்கே நினைவுகூர்கின்றோம்.

எமது கடப்பாடு

இவ்வரலாறு பிற நாடுகளில் நிகழ்ந்ததெனினும் எமக்கு அந்நியமானதன்று. ஒல்லாந்தர் காலத்திலே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குச் சென்று பெரும்பொருள் ஈட்டித் தந்தது. குடாநாட்டுக் கமக்காரர் பலரின் வீடும், பிள்ளைகளின் கல்வியும் அப்பயிரின் வருவாயால் அமைந்தவை. சுருட்டுக் கொட்டில்களிலே தொழிலாளர் சுருட்டிக்கொண்டிருக்க, ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்கும் வழக்கமும் இருந்தது. தமிழிலக்கியத்திலே சீனிச்சர்க்கரைப் புலவர் புகையிலையைப் பழனி முருகனிடம் தூதாக அனுப்பிப் புகையிலை விடு தூது பாடினார். பிற நாட்டிலிருந்து வந்த ஓர் இலை எம்மிடையே எத்துணை உறவு கொண்டாடியது என்பதை இவை காட்டுகின்றன. பயிரிட்டோரையும் சுருட்டியோரையும் பழிப்பது எம் நோக்கமன்று. ஆயின் அதன் வருவாயை எண்ணிய நாம், அதனை விட முயன்று திண்ணையிலே தனித்து அவதியுற்ற முதியோரை எண்ணவில்லை. அவர்களது எரிச்சலைக் குணமென்றோம். மீண்டும் எடுத்த சுருட்டைப் பலவீனமென்றோம்.

இலங்கை 2003இல் புகையிலைக் கட்டுப்பாடு பற்றிய உலக சுகாதார ஸ்தாபனத்தின் சமவாயத்தை ஏற்றது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையை நிறுவியது. உலக சுகாதார ஸ்தாபனம் நிக்கொட்டீன் பதிலீட்டு மருந்தை 2009இலும், பியூபுறோப்பியனையும் வரெனிக்கிளீனையும் 2021இலும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்தது. சட்டமும் மருந்தும் வேண்டியவையே. எனினும் வரலாறு கற்பிக்கும் பாடம் அவற்றோடு முடிவதில்லை. புகைத்தலை வென்றோருட் பெரும்பாலோர் முதல் முயற்சியில் வென்றவர் அல்லர். மருந்தின்றி வென்றோரும் பலர். ஆகவே ஒரு தோல்வியை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளுதல் தவறு. அத்தோல்வியை நாணத்துக்குரியதாக்கும் சூழல், அடுத்த முயற்சியையும் முளையிலே கிள்ளிவிடுகின்றது.

முடிவாக நோக்குமிடத்து, எஸ்பானியோலாத் தீவின் ஸ்பானியர் விட இயலவில்லை என்று கூறியது சாக்குப்போக்கன்று. அது ஓர் உடல்நிலையின் உண்மையான விவரணம். அதனை நம்புவதற்கு மனித குலத்துக்கு வேதியியலும் நரம்பியலும் பரிசோதனைச்சாலை எலிகளும் தேவைப்பட்டன. துயருறுபவனின் சொல்லை முதலிலேயே நம்பியிருந்தால் அக்காலம் சுருங்கியிருக்கலாம். மனவுறுதி என்பது துயர் இல்லாமை அன்று. துயர் இருக்கவும் தொடர்ந்து முயல்வதே அது. அம்முயற்சிக்கு அறிவும் மருந்தும் நட்பும் துணையாதல் வேண்டும்.

எம் நண்பர் சென்ற விடுமுறையின் பின் மீண்டும் முயன்றார். இம்முறை மூன்றாம் நாள் வருமுன்னரே அது எத்தகைய நாள் என்பதை நாம் அறிந்திருந்தோம். அவர் சினந்தபோது எவரும் மறுமொழி கூறவில்லை. உறக்கம் வராத இரவில் ஒருவர் அவருடன் மைதானத்தைச் சுற்றி நடந்தார். மாலைக்குப் பின் தேநீர் தயாரிக்கப்படவில்லை. இக்கட்டுரை எழுதப்படும் இவ்வேளையில் அவர் புகையாது ஏழு மாதங்கள் கடந்துள்ளன. வெற்றி அவருடையது. முதல் முறை நாம் சிரித்தமைக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டிய கடன் மட்டும் எம்முடையதாக எஞ்சியிருந்தது. அதனை இக்கட்டுரை மூலம் தீர்த்துக்கொள்கின்றோம்.